டம்ளர் தண்ணீர்

செம்பாக்கத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லிக்கொடுத்த அந்த அம்மாவின் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். ஊதி நான் கேட்டதில்லை. ஒல்லியான மரக்கட்டைமேல் என் மகள் நடக்கும்போதெல்லாம், “காலைப் பாத்து வை!” என்று நான் ஓரத்திலிருந்து கத்துவேன். அவள் குனிந்து பார்ப்பாள், விழுவாள்.

ஒருநாள் அந்த அம்மா என்னிடம் வந்தார். “சார், இதப் பிடிங்க” என்று டம்ளர் நிறையத் தண்ணீரைக் கொடுத்து, கட்டையின் மறுமுனையில் என்னை நிறுத்தினார். மகளிடம், “காலை மறந்துடு. அப்பா தண்ணி சிந்தறாரான்னு மட்டும் பாத்துகிட்டே வா” என்றார்.

அவள் விழாமல் வந்து சேர்ந்தாள். “அப்பா, பாதியக் கொட்டிட்ட!”

தண்ணீர்க் கவலையில் நான் கத்தவே மறந்திருந்தேன். டம்ளர் அவளுக்காகவா, என் வாய்க்காகவா என்று இன்றுவரை பிடிபடவில்லை.