வெள்ளிக்கிழமை மணியை எடுத்தது யார்?

"பிள்ளை இவ்வளவு நாளிலை ஒரு சொல்லாவது விளங்கிற மாதிரிச் சொல்லியிருக்கிறாவோ?"

ஊர்காவற்றுறையில் குழந்தைகளைப் பார்க்கும் வைத்தியர் கேட்ட இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றும் பதில் தெரியாது. ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் போதும். நான் "தெரியாது டொக்டர்" என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "அம்மாவுக்குத் தெரியாதெண்டால் வேறை ஆருக்குத் தெரியும்?"

எனக்குப் பின்னால் காத்திருந்த தாய்மார் சிரித்தார்கள். மகள் என் மடியில் இருந்தபடி அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு நடந்ததைச் சொல்ல அந்த இடம் சரியாகப் படவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

மகளுக்கு மூன்று வயது கடந்துவிட்டது. காது நன்றாகக் கேட்கிறது என்று பரிசோதித்துச் சொல்லிவிட்டார்கள். பிஸ்கட் பேணியின் மூடியைத் திறந்தால் எங்கிருந்தாலும் ஓடி வருவாள். செருப்பை எடுத்து வா என்றால் எடுத்து வருவாள், சிரிப்பாள், அழுவாள். சொல் மட்டும் வருவதில்லை. "அம்மா" என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

நாங்கள் இருப்பது புங்குடுதீவில். எங்கள் ஒழுங்கையில் திறந்திருக்கும் வீடுகளைவிடப் பூட்டிக்கிடக்கும் வீடுகள் அதிகம். அடுத்த வீட்டு அக்கா ஒருநாள் சொன்னா: "தங்கச்சி, இஞ்சை கதைக்கிறதுக்கு ஆர் இருக்கினம்? மதிலோடையே பிள்ளை கதைக்கிறது?" பகிடியாகத்தான் சொன்னா. ஆனால் நான் பட்டம் படித்து, பிரதேச செயலகத்தில் வேலை செய்து, பின்னேரம் களைத்து வருகிறவள். பகலில் நான் கதைக்காமல் விட்ட சொற்கள்தான் பிள்ளையின் வாயில் இல்லாமல் போயினவோ என்று அன்றிரவு முழுவதும் யோசித்தேன்.

எங்கள் வீட்டுக்கு முன்னால் இருப்பது பெரிய வீடு. என் கணவரின் பெரியம்மாவுடையது. அவர்கள் குடும்பமாகப் பிரான்ஸுக்குப் போய்ப் பல வருடங்களாகின்றன. வீட்டுப் பூட்டின் திறப்பு எங்களிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் பொழுதுபடப் போய்க் கூட்டி, பூ வைத்து, விளக்கு வைப்பது என் பொறுப்பு. மகளும் வருவாள். வெள்ளிக்கிழமையை அவள் எப்படி அறிவாளோ தெரியாது, நான் குளித்துவிட்டு வரும்போதே வாசலில் செருப்போடு இருப்பாள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. விளக்கு வைக்கும் நேரம் பெரியம்மா பிரான்ஸிலிருந்து அந்த வீட்டுத் தொலைபேசிக்கு அழைப்பு எடுப்பா. நாங்கள் ரிசீவரை எடுக்கக் கூடாது. வெளிநாட்டு அழைப்புக்குக் காசு அதிகமாக இருந்த காலத்தில், "நாங்கள் சுகம், நீங்கள் சுகமோ" என்பதற்காகத் தொடங்கியது அது. இப்போது அவவிடம் நல்ல கைத்தொலைபேசி இருக்கிறது, நினைத்த நேரம் முகம் பார்த்துக் கதைக்கலாம். ஆனாலும் வெள்ளிக்கிழமை மணியை அவ விடவில்லை. "அது உங்களுக்கில்லை மோளே, வீட்டுக்கு அடிக்கிறனான்" என்பா. மணி அடித்து ஓயும்வரை நாங்கள் சும்மா நிற்போம். ஓய்ந்ததும் நான் விளக்கைக் காட்டி மகளிடம், "சொல்லு பிள்ளை, விளக்கு" என்பேன். அவள் பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு நானே "விளக்கு வைச்சாச்சு" என்று சொல்லிக் கதவைப் பூட்டுவேன்.

தொலைக்காட்சிப் போட்டிக்கு நான் போனதும் மகளுக்காகத்தான். ஒரு தமிழ் அலைவரிசையில் வாராவாரம் போகிற விளையாட்டு. போட்டியாளருக்கு முன்னால் திரையில் ஒரு சொல் விழும். அந்தச் சொல்லைச் சொல்லாமல், அது என்ன என்று விளங்கப்படுத்த வேண்டும். கடைசிச் சுற்றில் போட்டியாளரின் வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பார்கள், வீட்டில் இருப்பவர் அந்தச் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். மகள் அசையாமல் இருந்து பார்க்கும் ஒரே நிகழ்ச்சி அது. பார்க்கும்போது அவள் உதடு சில வேளை அசையும். அந்தப் பெட்டிக்குள் நான் தெரிந்தால், திடுக்கிட்டாவது "அம்மா" என்று கூப்பிடுவாள் என்று நினைத்தேன். கணவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "போம். போய் நல்லாக் கதைச்சுப்போட்டு வாரும்" என்றார்.

எங்கள் வீட்டில் கைத்தொலைபேசிச் சிக்னல் நிற்பதில்லை. பெரிய வீட்டுத் தொலைபேசிக்குக் கம்பி இணைப்பு, இடையில் அறுந்து போகாது. அதனால் அந்த இலக்கத்தைக் கொடுத்தேன். பெரியம்மாவும் சம்மதித்தா. ஒளிப்பதிவு யாழ்ப்பாணத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானத்துக்குப் பிறகு அழைப்பு வரும் என்றார்கள். கணவர் மகளோடு பெரிய வீட்டில் காத்திருப்பதாக ஏற்பாடு.

அங்கே எல்லாம் பிந்தியது. ஏதோ ஒரு விளக்கு எரியவில்லை, பிறகு ஒலிவாங்கி வேலை செய்யவில்லை. குளிரூட்டியின் குளிரில் சேலைத் தலைப்பால் போர்த்திக்கொண்டு கதிரையில் இருந்தேன். எதிரே நாற்பது ஐம்பது பேர், கை தட்டச் சொன்னால் தட்டினார்கள், நிறுத்தச் சொன்னால் நிறுத்தினார்கள். தட்டாத நேரத்தில் ஒருவர் முகத்திலும் ஒன்றும் இருக்கவில்லை. ஏன் வந்தேன் என்று தோன்றியது. அரிசிமா, வேப்பமரம், பஸ் ரிக்கற் என்று எனக்கு விழுந்த சொற்களையெல்லாம் எப்படியோ விளங்கப்படுத்தி முடித்தேன். கடைசிச் சுற்று வந்தபோது வெளியில் பொழுது படுகிற நேரம்.

"சிஸ்டர், வீட்டுக்கு எடுக்கலாமா? ரெடியா?" என்றார் நடத்துகிற தம்பி.

ஒலிபெருக்கியில் மணி அடிக்கத் தொடங்கியது. பெரிய வீட்டு மணியை எப்போதும் நான் வீட்டுக்குள் நின்றே கேட்டிருக்கிறேன். அன்றுதான் முதன்முறையாக மறுபக்கத்திலிருந்து கேட்டேன். வெள்ளைத் துணி போர்த்திய கதிரைகளும், மாலை போட்ட படங்களும், மூலையில் ஸ்டூலின் மேல் அந்தத் தொலைபேசியும் கண்ணுக்குள் வந்தன. மணி அடித்தது. அடித்தது. நடத்துகிற தம்பியின் சிரிப்புக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. பிறகு யாரோ எடுத்தார்கள்.

"ஹலோ" இல்லை. முற்றத்துப் பனையில் காற்று அடிப்பது மட்டும் கேட்டது.

"பேசுங்க சிஸ்டர், நேரம் போகுது!"

திரையைப் பார்த்தேன். விளக்கு என்று விழுந்திருந்தது.

"இஞ்சேருங்கோ, வெள்ளிக்கிழமையிலை நாங்கள் பெரிய வீட்டை போய் என்ன செய்யிறனாங்கள்? எண்ணெய் விட்டு, திரி போட்டு..."

"விளக்கு."

சின்னக் குரல். அவசரமில்லாத குரல். மண்டபமே கை தட்டியது. அந்தச் சத்தத்துக்குள் குரல் இன்னொரு தரம் வந்தது: "வைச்சாச்சு." இணைப்பு அறுந்தது.

"யாருக்கா இது? குட்டிப் பாப்பாவா, பாட்டியா?" என்று தம்பி சிரித்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். வென்ற சந்தோஷம் என்று அவர்கள் நினைத்துக் கமராவை என் முகத்துக்குக் கிட்டக் கொண்டு வந்தார்கள். எனக்கு மனதில் இருந்தது ஒன்றுதான்: மகள் கதைத்துவிட்டாள்.

வெளி வாசலுக்கு ஓடி வந்து கணவரின் கைத்தொலைபேசிக்கு எடுத்தேன். பெரிய வீட்டுக் கிணற்றடியில் நின்றிருக்கிறார், அங்கே மட்டும் சிக்னல் வரும்.

"பிள்ளையிட்டைக் குடுங்கோ. கெதியாக் குடுங்கோ."

"ஏன், என்ன? முடிஞ்சுதே? அவை இன்னும் எடுக்கேல்லையப்பா. நாங்கள் பாத்துக்கொண்டு நிக்கிறம்."

"இப்ப எடுத்தவையெல்லோ!"

"இப்ப அடிச்சது பெரியம்மா. விளக்கு வைக்கிற நேரமெல்லே? நான் எடுக்கேல்லை."

அவரில் பிழை சொல்ல ஏலாது. அந்த நேரத்து மணியை எடுக்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து பழக்கப்பட்டவர். நான் நின்றிருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.

அடுத்த நாள் காலையில் அவரை இருத்திவைத்துக் கேட்டேன். மகள் சிணுங்கியதால் தூக்கிக்கொண்டு பூப்பறிக்கக் கிணற்றடிக்குப் போனாராம். மணி அடித்தது, ஓய்ந்தது. பிறகு உள்ளே போய்ப் பூத்தட்டத்தை வைத்தாராம்.

"பிள்ளை எங்கை நிண்டவ?"

"என்ரை கையிலை."

"தட்டம் நிறையச் செவ்வரத்தம்பூ. ஒரு கையாலையே பறிச்சனீங்கள்?"

அவர் யோசித்தார். "ஒருக்கா இறக்கிவிட்டனோ தெரியாது. ஆனால் கிட்டத்தான் நிண்டவள்."

"நிண்டதைக் கண்டனீங்களோ?"

"உமக்கு என்ன விசரே? இந்த உயரத்துப் பிள்ளை போனை எடுத்துக் கதைச்சு, திருப்பிச் சரியா வைச்சுப்போட்டும் வருமே?"

அதுதான் எனக்கும் இடறுகிறது. அவர் உள்ளே போனபோது ரிசீவர் தன் இடத்தில் ஒழுங்காக இருந்திருக்கிறது. மகளுக்குப் பிஸ்கட் பேணியை ஒழுங்காக மூடத் தெரியாது. ஸ்டூலுக்கு முன்னால் அவளை நிறுத்திப் பார்த்தேன். குதிக்காலைத் தூக்கினால் கை எட்டுகிறது. ஆனால் அவள் அதைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

விளக்கு அப்போது எரிந்ததா என்றும் கேட்டேன். "நான் தானே கொளுத்தினனான்" என்றார். மணிக்கு முன்னமோ, பின்னமோ? அது அவருக்கு நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் கிணற்றடியில் நிற்கப் பெரியம்மா என் கைத்தொலைபேசிக்கு எடுத்தா. போட்டியைப் பற்றி எல்லாம் விசாரித்துவிட்டு, "வெள்ளிக்கிழமை நானும் அடிச்சனான் பிள்ளை, எங்கேஜ் எண்டு வந்தது. அவ்வளவு நேரம் ஆரோடை கதைச்சனீங்கள்?" என்று கேட்டா.

போட்டிக்காரர் இலக்கம் மாறி வேறு எங்கோ எடுத்திருப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை எனக்கு அதுவரை இருந்தது. அதுவும் போனது.

நிகழ்ச்சி ஒளிபரப்பானது ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். அடுத்த வீட்டு அக்கா தன் கதிரையையும் தூக்கிக்கொண்டு வந்தா. மகளை முன்னுக்கு இருத்தினோம். திரையில் நான் வந்தேன். மகள் என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், திரும்பவும் என்னைப் பார்த்தாள். அவள் கூப்பிடவில்லை.

பிறகு அந்தக் குரல் வந்தது.

"உது உங்கடை பெரியம்மாவெல்லோ!" என்றா அக்கா. "அதே இழுவை."

"கரகரவெண்டு ஒரு சத்தம்தானே கேக்குது" என்றார் கணவர்.

எனக்குக் கேட்டது குழந்தையின் குரல். நான் ஒருநாளும் கேட்டிராத என் மகளின் குரல். நான் வெள்ளிக்கிழமைகளில் சொல்கிற அதே சொற்கள், நான் சொல்கிற அதே ராகத்தில்.

மகள் திரையைப் பார்க்கவேயில்லை. குரல் வந்ததும் யன்னல் பக்கம் திரும்பினாள். யன்னலுக்கு வெளியே பெரிய வீடு பூட்டியிருந்தது. எழும்பிப் போய்த் தன் செருப்பை எடுத்துக்கொண்டு வாசற்படியில் இருந்தாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லை என்று எவ்வளவு சொல்லியும் அவள் உள்ளே வரவில்லை. கடைசியில் தூக்கித்தான் கொண்டு வந்தேன்.

"பிள்ளை அந்த வீட்டிலை ஆரையோ பழக்கம் பிடிச்சிட்டாள்" என்று பகிடி விட்ட அக்கா, என் முகத்தைக் கண்டதும் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டா.

அடுத்த சுற்றுக்கு வரச் சொல்லி நிகழ்ச்சிக்காரர் அழைத்தார்கள். "அதே வீட்டு நம்பர்தானே அக்கா? அந்தக் குரலைப் பற்றி எல்லாரும் கேட்கிறாங்க" என்றார்கள். பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் இப்போதும் போகிறேன், கடமையை விட மனம் வரவில்லை. ஆனால் மணி அடிக்கும்போது மகளின் கையைப் பிடித்துக்கொள்கிறேன். அவளும் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். யாருக்குப் பயம் என்று எனக்கே தெரியாது. "விளக்கு வைச்சாச்சு" என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். நான் சொல்லாமல் விட்டால் வேறு யாராவது சொல்வார்களோ என்று காது கொடுத்து நிற்கிறேன்.

வைத்தியர் பேச்சுப் பயிற்சிக்கு யாழ்ப்பாணத்துக்கு அனுப்புகிறார். அங்கேயும் முதற் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். பிள்ளை ஒரு தரமாவது சொல் சொல்லியிருந்தால், வழி இருக்கிறது என்கிறார்கள். சொல்லவேயில்லை என்றால் வேறு விதமாகப் பார்க்க வேண்டுமாம். ஓம் என்று பொய் சொல்லி அவளுக்குத் தேவையான உதவியைக் கெடுத்துவிடுவேனோ, இல்லை என்று சொல்லி அவள் சொன்ன ஒரே சொல்லைப் பறித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

உண்மையை அறிய ஒரு வழி இருக்கிறது. பெரிய வீட்டைப் பூட்டி, மகளை என் மடியில் வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை விளக்கு நேரத்தில் நானே அந்த இலக்கத்துக்கு எடுக்கலாம். மணி அடித்து ஓய்ந்தால், அன்றைக்குக் கதைத்தது மகள் என்று கொஞ்சமாவது நம்பலாம். உள்ளே யாராவது ரிசீவரை எடுத்தால், என் பிள்ளை இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை என்று அர்த்தம். கிணற்றடியில் இலக்கத்தை அழுத்திவிட்டுப் பச்சைப் பொத்தானைத் தொடாமல் எத்தனையோ தரம் திரும்பி வந்திருக்கிறேன்.

பேசப் பிந்திய பிள்ளைகளை வளர்த்தவர்கள் இதை வாசித்தால் எழுதுங்கள். வைத்தியரிடம் நான் என்ன சொல்ல வேண்டும்? அந்த இலக்கத்துக்கு எடுக்கலாமா? எடுப்பதென்றால், அந்த நேரம் மகள் என்னோடு இருக்க வேண்டுமா, அல்லது அந்த மணியே கேட்காத தூரத்துக்கு அவளைக் கொண்டுபோய் விட வேண்டுமா?