அந்தப் பக்கத்து வழி

அம்மா கோபித்துக்கொண்டு மாங்காட்டுப் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். அதில் ஒரு வேடிக்கை. போனது அம்மா, போகாமல் எங்கள் மண்ணூர்பேட்டை வீட்டிலேயே தங்கிவிட்டது அம்மாவின் தம்பி. மாமா பாடியில் ஷேர் ஆட்டோ ஓட்டினார். இங்கிருந்து ஸ்டாண்டுக்குப் போவது சுலபம் என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். அப்பாவும் அவரைப் போகச் சொல்லவில்லை. இருவரும் மாற்றி மாற்றி ரசம் வைத்தார்கள். யார் வைத்தாலும் வாயில் வைக்க விளங்காது. நான் டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு, யாராவது திட்டுவார்கள் என்று காத்திருப்பேன். ஒருவரும் திட்டமாட்டார்கள். அந்த வீட்டில் எனக்கு அழுகை அழுகையாக வரும்.

அப்பாவின் கம்பெனியில் ஒரு கூட்டம் வருஷத்துக்கொரு தடவை வேன் பிடித்து, போளூர்ப் பக்கத்து மலை ஒன்றுக்குக் குடும்பத்தோடு போகும். விடியும்போது ஏற ஆரம்பித்தால், காட்டைத் தாண்டி, மலையின் முகட்டோடேயே நெடுந்தூரம் நடந்து, கடைசியில் செங்குத்தாக ஏறி உச்சிக்குப் போக வேண்டும். அங்கே ஒரு சிவன் கோயில். யார் வேண்டுமானாலும் தன் கையால் லிங்கத்துக்குப் பால் ஊற்றலாம். எங்கள் கூட்டத்தில் மட்டும் அதற்கு ஒரு சட்டம் உண்டு. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே சொம்பைச் சேர்த்துப் பிடித்துத்தான் ஊற்ற வேண்டும். கல்யாணமாகாதவர்கள் தங்கள் பாலை ஏதாவது ஒரு ஜோடியிடம் கொடுத்துவிட வேண்டும். வருஷம் பூராவும் தட்டைத் தூக்கி எறிந்தவர்கள்கூட அன்றைக்கு ஒரே சொம்பைப் பிடித்துக்கொண்டு நல்ல பிள்ளைகளாக நிற்பார்கள். பிடித்த பிறகு அங்கேயே சமாதானமாகிப் போனவர்களும் உண்டு.

அந்த வருஷம் அப்பா வரவில்லை என்றார். மாமாதான் விடவில்லை. ஆண்டாண்டாகக் கூட்டத்துக்கு முன்னால் நடந்து வழிகாட்டியவர் அப்பா, அவர் இல்லாமல் யாருக்கு வழி தெரியும் என்று பிடிவாதம் பிடித்தார். கண்ணைக் கட்டி விட்டாலும் அப்பா உச்சிக்குப் போய்விடுவார் என்று கம்பெனியில் சொல்வார்களாம். கடைசியில் அப்பா சொம்பைத் தன் பையில் போட்டுக்கொண்டார். ஈரத் துண்டில் சுற்றிய பால் பாக்கெட் என் ஸ்கூல் பையில் ஏறியது.

காட்டு வழி முடிந்து முகட்டுக்கு வந்தபோதே எனக்குக் கால் துவண்டுவிட்டது. இரண்டு பக்கமும் சரிவு. நடுவில் ஒற்றையடிப் பாதை, முழுக்கக் கூழாங்கல். காலை வைத்தால் வழுக்கியது. காற்று பாவாடையைப் பிடித்து இழுத்தது. மற்றப் பிள்ளைகள் முன்னால் போனார்கள். அவரவர் அம்மா அவரவருக்கு முகம் துடைத்துவிட்டு, திட்டிக்கொண்டே தண்ணீர் கொடுத்தாள். பக்கத்து வீட்டு அத்தை ஒரு ஆரஞ்சுச் சுளையை என் வாயில் திணித்துவிட்டு, "ஐயோ பாவம், புள்ள" என்று யாரிடமோ சொன்னாள். அந்தச் சுளையைத் துப்பிவிட்டு ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா எங்கோ முன்னால் ஒரு புள்ளியாகப் போய்க்கொண்டிருந்தார்.

பின்னால் வந்த மாமா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"இன்னா பாப்பா, இங்கயே ஊடு கட்டிகினு இருக்கப் போறியா? ஏந்திரு."

"நான் வரல. அம்மா இருந்தா என்கூட ஒக்காந்திருப்பாங்க."

மாமா முன்னும் பின்னும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு என் எதிரே குந்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யாராண்டயும் சொல்லக்கூடாது. உங்கம்மா வந்துகினு கீது. மாங்காட்டுலேர்ந்து ஒரு வேன் வருது. அவங்க அந்தப் பக்கம் படி வழியா ஏறுவாங்க. ரெண்டு வழியும் மேல ஒண்ணா சேருதில்ல? அங்க பாக்கலாம்."

"அப்பாக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வந்திருப்பாரா? நேருக்கு நேர் நின்னுட்டா இன்னா பண்ணுவாங்க? சொம்பப் புடிச்சிதானே ஆவணும்!"

அதற்கப்புறம் எனக்குக் கால் வலியா, ஒன்றா! ஆரஞ்சு அத்தையையும் அவள் பிள்ளைகளையும் தாண்டிப் போனேன். பாறையைக் கையால் பற்றி ஏறினேன். முட்டி சிராய்த்து ரத்தம் வந்தது. அம்மாவிடம் காட்டலாம் என்று துடைக்காமல் விட்டேன்.

இரண்டு வழியும் சேருமிடத்தில் ஒரு புங்கமரம் இருந்தது. பிள்ளைக்குக் கால் பிடித்துக்கொண்டது, நாங்கள் பாலை எடுத்துக்கொண்டு பின்னால் வருகிறோம் என்று மாமா அப்பாவை மேலே அனுப்பிவிட்டார். அப்பா என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்தோம்.

படி வழியாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். புடவைத் தலைப்பு தெரியும்போதெல்லாம் எழுந்து நின்றேன். வேறு யாராகவோ இருக்கும். மாமா செல்போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, பாறை பாறையாக ஏறிச் சிக்னல் தேடினார். எலுமிச்சை சாதத்தைப் பிரித்தார், இருவரும் சாப்பிடவில்லை. வெயில் உச்சிக்கு வந்து, மரத்தின் நிழல் சுருங்கி, மறுபடி நீள ஆரம்பித்தது.

"எங்க மாமா?"

"வரும் பாப்பா. வரேன்னு சொல்லிச்சு."

"பொய்யி. என்ன நடக்க வைக்க நீயா சொன்ன."

மாமா படிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். புளுகுணி என்று அவரைத் திட்டினேன். அதற்கும் அவர் திரும்பவில்லை. அவர் முகத்தில் அப்போது என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. எனக்கு என் துக்கமே பெரிதாக இருந்தது.

கூட்டம் விபூதியும் ஈரக் கையுமாக இறங்கி வந்தது. அப்பாவின் சொம்பு மட்டும் காய்ந்துகிடந்தது. மாமா அவரைத் தனியாகப் பாறைக்குப் பின்னால் அழைத்துப்போய் என்னவோ சொன்னார். என் கால் வலியைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்த அப்பா, "நீங்க எல்லாரும் போங்க. நான் பாப்பாவ மெதுவா கூட்டிகினு வரேன்" என்றார்.

அவர்கள் முகட்டுப் பக்கம் மறைந்ததும் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு படி வழியாக இறங்கத் தொடங்கினார்.

"அப்பா, நாம இந்தப் பக்கமா வரலியே?"

"ரெண்டும் கீழதான் போவுது."

எதிரே பெண்கள் கூட்டமாக ஏறி வரும்போதெல்லாம் அப்பா ஒதுங்கி நின்று, கடைசி ஆள் போகும்வரை காத்திருந்தார். அப்பாவுக்கு இவ்வளவு மரியாதை தெரியுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அடிவாரத்தில் வேன்கள் வரிசையாக நின்றன. அப்பா எனக்கு ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்துக் கடையில் உட்காரவைத்துவிட்டு, ஒவ்வொரு வேனின் கண்ணாடியிலும் ஒட்டியிருந்த ஊர்ப் பெயரைப் படித்துக்கொண்டே போனார். ஒரு வேன் அருகே நின்று டிரைவரை எழுப்பினார். டிரைவர் உள்ளே ஒரு சீட்டைக் காட்டி, "வரும்போதே காலிதாண்ணே" என்று கையை விரித்தார். அப்பா அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலி சீட்டைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

திரும்பி வந்து என் பையிலிருந்த பால் பாக்கெட்டை எடுத்தார். அது உப்பியிருந்தது. வேலியோரம் வீசினார். அவ்வளவு தூரம் சுமந்ததை இப்படி எறிகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஒரு ஆட்டோ பிடித்து, மலையைச் சுற்றிக்கொண்டு எங்கள் வேன் நின்ற இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிட்டது. எல்லோரும் பதறிப்போய் நின்றிருந்தார்கள்.

"எங்க போயிட்டீங்க அண்ணே?"

"வழி மாறிட்டேன்" என்றார் அப்பா.

வேனே அதிரும்படி சிரித்தார்கள். கண்ணைக் கட்டி விட்டாலும் போகிறவருக்கு வழி மாறிவிட்டதாம்! நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன், எங்கப்பாவுக்கு வழியே தெரியாது என்று. வேனில் சிரிக்காமல் இருந்தது மாமா மட்டும்தான். என்னிடம் பொய் சொன்ன வெட்கத்தில் தலையைக் குனிந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே, அப்பாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனேன்.