ரப்பர் பேண்டை எடுக்க மறந்த ஞாயிறு

எண்பதுகளின் தொடக்கத்தில், மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆலையில் நான் எலெக்ட்ரீஷியனாக இருந்தபோது நடந்தது இது. இன்று பிள்ளைகள் கம்ப்யூட்டரில் குழு அமைத்து, ஆளுக்கு ஒரு ஊரில் இருந்துகொண்டு தொழில் பேசுகிறார்களே, அதை நாங்கள் அப்போதே செய்தோம் என்றால் என் மகன் சிரிக்கிறான். நிஜம்தான். எங்களுக்கு வாய்த்தது சி.பி. ரேடியோ. மைக்கில் உள்ள பொத்தானை அழுத்தினால் நாம் பேசலாம், விட்டால்தான் மற்றவர் பேசுவது கேட்கும். ஒருவர் அழுத்திக்கொண்டே இருந்தால் வேறு யாரும் வாய் திறக்க முடியாது.

லைசென்ஸ் எடுத்து, வீட்டுக் கூரைமேல் ஏரியல் நட்டு, அதைத் தொடங்கியவன் நான். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு எல்லோரும் ஒரே சேனலுக்கு வருவோம். பக்கத்துத் தோட்டத்து ஃபிட்டர்கள், பிரிஞ்சாங்கில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த சீனர், கோலா தெர்லாவிலிருந்து ஒரு லோரிக்காரர். யாருடைய மெஷின் மக்கர் பண்ணுகிறது, அதற்கான சாமான் யாரிடம் கிடைக்கும் என்றுதான் பேச்சு. பாதிப் பேரை நான் நேரில் பார்த்ததே இல்லை, குரல்தான் பழக்கம். யார் வேண்டுமானாலும் பேசலாம், பேசி முடித்ததும் பொத்தானை விட்டுவிட வேண்டும். இது நான் போட்ட சட்டம். மீறினவர்களைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்குவேன்.

திரிங்காப்பில் காய்கறித் தோட்டத்துப் பம்புகளைப் பார்த்துக்கொள்பவர் ஒருவரும் இருந்தார். அவருக்குத் திக்கும். வெகுநாள் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தவரை, பேசுங்கள் பேசுங்கள் என்று இழுத்துவிட்டவன் நான்தான். ஆளுக்கு எதிரே நின்று பேசுவதைவிட இதில் பரவாயில்லை, யாரும் என் வாயைப் பார்ப்பதில்லை என்று ஒருமுறை அவரே சொன்னார். அதன்பிறகு ஒரு ஞாயிறு தவறாமல் பேசினார். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

அந்த ஞாயிறு, மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் முறையை நான் நீளமாக விளக்க வேண்டியிருந்தது. பொத்தானை அழுத்தி அழுத்தி விரல் வலிக்கவே, என் மூளையைப் பாருங்கள், ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிப் பொத்தானை இறுக்கிவிட்டேன். பேசி முடித்து, "சரி, தண்ணி குடிச்சிட்டு வாங்க லா" என்று சொல்லி மைக்கை மேசையில் வைத்தேன். ரப்பர் பேண்டை எடுக்கவில்லை.

என் மனைவி தேநீர் கொண்டுவந்தாள். இன்றைக்கு என்ன பேசினீர்கள் என்று கேட்டாள். அவளைச் சிரிக்கவைக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. திரிங்காப்காரர் பம்பு ரிப்பேரைப் பற்றிச் சொன்னதை அவர் திக்குவது போலவே திக்கிக் காட்டினேன். "இவரு ஒரு வார்த்தய முடிக்கிறதுக்குள்ள பம்பே துருப்பிடிச்சிடும்" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பைக் கண்டதும் இன்னொரு தரம் செய்தேன். பிறகு பேச்சு அவள் தம்பி கல்யாணத்துக்குப் போய், எங்களுக்குள் சின்னச் சண்டையாகவும் ஆகிவிட்டது.

நேரம் போனது. செட்டில் ஒரு சத்தமும் இல்லை. தண்ணி குடிக்கப் போனவன் ஒருத்தனுக்கும் திரும்பி வரத் தெரியவில்லையே என்று திட்டினேன். மழைக்காற்றில் ஏரியல் சாய்ந்துவிட்டதோ என்று வெளியே போய்க் கம்பத்தை அண்ணாந்துகூடப் பார்த்தேன்.

அப்போதுதான் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தொப்பலாக நனைந்த ஒருவர் இறங்கி, கூரைமேல் இருந்த கம்பத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். யாரென்று தெரியவில்லை.

"அ... அண்ணே, ம... மைக்கு..." என்றார்.

தெரிந்துவிட்டது. கதவருகே நின்ற என் மனைவிக்கும் தெரிந்துவிட்டது. சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

"கேட்டுச்சா?" என்றேன்.

அவர் ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு மெல்ல, திக்கித் திக்கி, முழுவதையும் சொல்லி முடித்தார். "வீட்டுப் பேச்சு வெளிய போவுதுண்ணே. அக்கா பேசறதும் கேக்குது. எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க. ரேடியோவுல சொல்ல முடியல. அதான் வந்தேன்."

சே! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தன்னைக் கேலி செய்த பேச்சைத்தான் அவர் கேட்டார். ஆனாலும் இந்த வீட்டுப் பெண்ணின் பேச்சு ஊர் காதில் விழக்கூடாதென்று, அந்த வழுக்கும் மலைப்பாதையில் மழையோடு மழையாக வந்திருக்கிறார். தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். வேண்டாமென்று கையசைத்துவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பினார். மன்னித்துவிடுங்கள் என்று நான் சொல்லவே இல்லை.

அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் கேட்கும்படி, அதே மைக்கில் மன்னிப்புக் கேட்டேன். சீனர்தான், "சுடாலா", போதும் விடுங்கள் என்று மலாயில் முடித்துவைத்து, அடுத்த பேச்சுக்குப் போனார். திரிங்காப்காரர் அன்று பேசவில்லை. அவரைத் தேடி வீட்டுக்கே போனேன். உட்காரவைத்து, காப்பி கொடுத்து, பிள்ளைகளை எல்லாம் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை பேச வாருங்கள் என்று கெஞ்சினேன். "கே... கேக்கிறேண்ணே. அது போதும்" என்றார், சிரித்துக்கொண்டே.

அதற்குப் பிறகும் சில வருடங்கள் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் நடந்தன. புதிதாக எத்தனையோ பேர் வந்தார்கள். ஒவ்வொரு வாரமும், "வேற யாராச்சும் பேசணுமா?" என்று கேட்டுவிட்டுப் பொத்தானை விட்டுக் காத்திருப்பேன், அவர் ஒருவருக்காக. அந்தக் குரல் மறுபடி வரவே இல்லை. எல்லோரும் பேசட்டும் என்றுதான் அதைத் தொடங்கினேன். பேசவே பயந்த ஒருவரைத் தைரியம் சொல்லிப் பேசவைத்து, அவர் வாயை நானே மூடிவிட்டேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் தலை தானாகக் குனிந்துவிடுகிறது.