தலைகீழாக விழுந்த பொற்கோபுரம்

அவர் குடியிருந்த இன்சீனிலிருந்து வரும் காலை ரயிலில் சிவக்கொழுந்து அண்ணன் வரவில்லை, செய்திதான் வந்தது. இரண்டு நாள் காய்ச்சலில் போய்விட்டார். மரம் அறுக்கும் பர்மியர் கோ தேன் வாளைக் கீழே வைத்துவிட்டு, "இன்னிக்கு வருவார்னு பெஞ்சைக்கூடத் தொடச்சு வச்சேன்" என்றார்.

மரவாடியில் அவரோடு உழைத்த உங்களுக்கு லம்பாங் புதிதல்ல. வட சயாமில் வாங் ஆற்றங்கரையிலுள்ள அந்தப் பழைய ஊரில், கட்டைகளுக்கு முத்திரை அடிக்கும் வேலையாக இரண்டு வருடம் மனைவியோடு இருந்தவர். அந்த ஊர்க் கதையாலேயே நம் சோற்று நேரத்தையெல்லாம் தின்றார். குதிரை வண்டிகளைச் சொல்வார். தேக்கு வெட்டிய பர்மியர்கள் மரத்து ஆவிகளுக்குப் பயந்து கட்டிய கோயில்களைச் சொல்வார். "மரத்தை வெட்டினவனுக்குத் தூக்கம் வரல. தூங்குறதுக்காகக் கோயில் கட்டினான்" என்பார்.

ஒரு கோயிலைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். அங்கே ஓர் இருட்டறை. கதவிலுள்ள சிறு துளை வழியே வெளிச்சம் நுழைந்து, வெளியே நிற்கும் பொற்கோபுரத்தின் பிம்பம் உள்ளே வெள்ளைத் துணியில் தலைகீழாக விழுமாம், நிறம்கூட மாறாமல். பெண்கள் அந்த அறைக்குள் போகக் கூடாது. மீனாம்பாள் அண்ணி வெயிலில் படியோரம் நின்றிருக்கிறார். "உள்ள என்ன இருக்கு?" என்று அவர் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, இருட்டுதான்" என்று சொல்லிவிட்டார் அண்ணன். பார்க்க முடியாதவளிடம் அதைச் சொல்லி ஏங்க வைப்பானேன் என்று நினைத்தாராம்.

நம் ஆபீஸ் பலகைச் சுவரில் கணு உதிர்ந்த துளை ஒன்று உண்டு. கதவைச் சாத்தி, துண்டை விரித்துப் பிடித்து, ஆற்றுப் படகுகளைத் தலைகீழாக நமக்கெல்லாம் காட்டினார். "அண்ணிக்கும் காட்டுங்களேன்" என்றேன்.

"காட்டினா நான் அன்னிக்குச் சொன்னது பொய்னு தெரிஞ்சுடுமே. மழை விடட்டும், கூட்டிட்டு வந்து சொல்லிடறேன்" என்றார். துளையில் ஒரு கந்தலைச் செருகினார். அதற்குப் பிறகு மூன்று மழைக்காலம் போயிற்று. அதில் எனக்கு அவர்மேல் இன்னும் கோபம் உண்டு.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணியிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை.

"தெரியும் தம்பி. வெளிய வந்தப்ப அவர் முகத்தப் பாத்தேனே. ஒண்ணுமில்லாததப் பாத்துட்டு வந்த முகமா அது? அவரா சொல்லட்டும்னு இருந்தேன்."

"மரவாடிக்கு வாங்க அண்ணி, நான் காட்டுறேன்."

"அவர் காட்ட வேண்டியது. நீங்க காட்டி நான் என்ன பண்ண?"

அண்ணனுடைய முத்திரைச் சுத்தியலைக் கம்பெனி வாங்கிக்கொண்டது. எனக்கென்று மிஞ்சியது அவர் கையால் செருகிய அந்தக் கந்தல்தான். இன்று மழை விட்டிருக்கிறது. நான் அதைப் பிடுங்கவில்லை.