இருட்டுத் திரைக்கு முன்னால் கனகவல்லி

கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரனிடம் யாரும் உண்மையைச் சொல்வதில்லை. "ஒண்ணுமே பண்ணலை, அதுவா நின்னு போச்சு" என்பார்கள். போய்ப் பார்த்தால் கீபோர்டு முழுக்கச் சாய் கொட்டிப் பிசுபிசுத்துக் கிடக்கும். ஒரு வீட்டில் ஸ்விட்சே போடாமல் என்னை வரவழைத்தார்கள், கேட்டால் அதுவும் என் தப்பு என்கிற மாதிரி முறைத்தார்கள். புனே பக்கம் சிஞ்ச்வட்டில் இந்தத் தொழிலில் காலம் தள்ளிய எனக்கு, நடந்ததை நடந்தபடி சொன்ன ஒரே ஆள் கனகவல்லி அம்மாள்தான். அவர் சொன்னதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.

கனகவல்லி திருநெல்வேலிக்காரர். கல்யாணமாகி சிஞ்ச்வட் வந்து முப்பது வருஷம் ஆகியும் மராத்தியை நெல்லை ராகத்தில்தான் பேசுவார். காய்கறிக்காரி அதைக் கேட்டுச் சிரிப்பாள், சிரித்துக்கொண்டே கொத்தமல்லியைக் கூடுதலாகப் போடுவாள். குடியிருப்புச் சொசைட்டியில் தண்ணீர் வராவிட்டால் செக்ரட்டரி வீட்டு வாசலில் முதலில் கேட்பது இவர் குரல்தான். அப்படிப்பட்ட மனுஷி வீட்டில் கணவர் பேச்சுக்கு மறுபேச்சுப் பேச மாட்டார். கணவர் கல்யாணசுந்தரம், ராணுவக் கணக்கு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் ஜெயந்த்.

ஜெயந்த் தன்னோடு வேலை பார்த்த ரீனாவைக் கல்யாணம் செய்துகொண்டான். ரீனா தூத்துக்குடிக் கிறிஸ்தவக் குடும்பம், புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள். கல்யாணசுந்தரம், அவள் வீட்டு வாசல்படி மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். கனகவல்லியும் சரி என்று இருந்துவிட்டார். பிள்ளையும் மருமகளும் பக்கத்தில் வாகட் பகுதியில் ஃபிளாட் எடுத்துக்கொண்டு போனார்கள். ரிக்‌ஷாவில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். அந்தத் தூரத்தைத்தான் இவர்கள் கடல் மாதிரி ஆக்கி வைத்திருந்தார்கள்.

அவன் மட்டும் எப்போதாவது வருவான். அப்படி வந்தபோது அம்மாவுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்து, இன்டர்நெட் போட்டு, மெசஞ்சரில் பேசக் கற்றுக்கொடுத்தான். மெஷினைப் போட்டால் போதும், மெசஞ்சர் தானாகவே திறந்துகொள்ளும். ஜெயந்த் தன் வீட்டில் மெஷினைப் போட்டால் இங்கே கதவு திறக்கிற சத்தம் கேட்கும். அணைத்தால் கதவு சாத்துகிற சத்தம். தினம் விளக்கேற்றியதும் கனகவல்லி போய் உட்காருவார். ஆங்கில எழுத்தில் தமிழை ஒற்றை விரலால் தட்டுவார். என்ன சாப்பிட்டாய், சளி தேவலையா, இவ்வளவுதான் பேச்சு. ரீனா எப்படியிருக்கிறாள் என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

இரண்டாயிரத்து ஆறு ஆனி மாதம், மும்பை நெடுஞ்சாலையில் ஜெயந்தின் காரை லாரி அடித்து, ஆள் போய்விட்டான். சேதி கேட்டு அலறிக்கொண்டு ஓடிய கனகவல்லி, மருத்துவமனை வராந்தாவில் நின்ற ரீனாவைப் பார்த்து, "நீதான் கொண்டுபோயிட்ட" என்றார். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சே இல்லை.

துக்க வருஷத்தில் பண்டிகை கிடையாது. ஆனாலும் ஆயுத பூஜை அன்று கனகவல்லி, பிள்ளை தொட்ட மெஷின் என்று கம்ப்யூட்டரை மட்டும் இறக்கித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் உட்கார்த்தினார். கல்யாணசுந்தரம் தடுக்கவில்லை. பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமிக்கு ஒரு தடவையாவது உபயோகிக்க வேண்டுமே! அவரே மேஜையில் தூக்கி வைத்து, ஒயர்களை மாட்டி, பட்டனை அழுத்தினார். உள்ளே காற்றாடி ஓடியது, மெஷின் திறக்கிற பாட்டும் வந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. சரி, கெட்டுப்போச்சு என்று அணைக்கப் போனபோது கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து கனகவல்லி தினமும் அதன் முன்னால் உட்கார ஆரம்பித்தார்.

கார்த்திகை மாதம் கல்யாணசுந்தரம் எனக்குப் போன் செய்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். "டிஸ்ப்ளே வரலப்பா சந்துரு. சத்தம் மட்டும் வருது. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ."

மானிட்டர் போயிருக்கும் என்று நானாக முடிவு கட்டி, கடையில் இருந்த பழைய மானிட்டரைச் சுமந்துகொண்டு மாடி ஏறினேன். அம்மிக்கல் கனம். மூச்சு வாங்க வாசலில் நின்றபோது கல்யாணசுந்தரம் என்னைத் தனியாக இழுத்து, "எப்படியாவது சரிபண்ணிரு. வெளிச்சம் வந்தா அவளுக்கே வெளங்கிரும். அவன் வாரான்னு சொல்லுதா. சில நாள் எனக்கே மேலெல்லாம் நடுங்குது" என்றார்.

கனகவல்லி உள் அறையில் இருட்டுத் திரைக்கு முன்னால் முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் ஒரு தம்ளர் காப்பி ஆடை படிந்து ஆறிக்கொண்டிருந்தது. அது அவருக்கு வைத்ததில்லை என்று பார்த்ததுமே புரிந்தது.

"திரை வரலன்னா என்ன தம்பி, அவன் வாரான்லா. அது போதும் எனக்கு. இவுகதான் கேக்க மாட்டேங்காக."

மெஷினை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். ஒரே ஒரு பீப். கீபோர்டு விளக்குகள் மினுக்கி அணைந்தன. கொஞ்ச நேரத்தில் பாட்டும் வந்தது. மெமரியோ போர்டோ பழுதானால் இவ்வளவு தூரம் வராது. அப்படியானால் கோளாறு மானிட்டரில், இல்லை அதற்குப் போகிற வழியில். மானிட்டர் கேபிளை மெஷினில் இருந்து கழற்றினேன். திரையில் உடனே, கேபிளைச் சரிபார் என்று ஒரு பெட்டி வந்து நின்றது. மானிட்டர் குத்துக்கல்லாட்டம் இருக்கிறது. நான் சுமந்து வந்ததுதான் தண்டம்.

டார்ச்சை அடித்து மெஷினின் பின்பக்கம் பார்த்தேன். ஓரத்தில் சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. திரைக்கான துளைகள் இரண்டு இருந்தன. மேலே இருப்பது போர்டோடு வந்தது. கீழே இருப்பது தனியாகச் செருகிய டிஸ்ப்ளே கார்டில். கார்டு போட்டுவிட்டால் மேல் துளை செத்த மாதிரிதான். கேபிளை நான் கழற்றியது மேல் துளையில் இருந்து.

"இந்தக் கார்டை யார் போட்டது?"

"ஜெயந்துதான். படம் கோடு கோடா வருதுன்னு மாத்துனான். கடைசியா வந்தப்ப." கனகவல்லி அதைச் சாதாரணமாகச் சொன்னார்.

ஆக, பூஜைக்கு மறுநாள் கல்யாணசுந்தரம் பழக்கத்தில் பழைய துளையில் மாட்டிவிட்டார். இரண்டு மாத இருட்டுக்கும் காரணம் அவ்வளவுதான். நான் கேபிளைக் கீழ்த்துளைக்குக் கொண்டுபோனேன்.

அப்போது கதவு திறந்தது.

தொழிலே இதுதான், இந்தச் சத்தத்தை எத்தனையோ வீட்டில் கேட்டிருக்கிறேன். இருந்தும் சட்டென்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கே கல்யாணசுந்தரம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கனகவல்லி என் மணிக்கட்டைப் பிடித்தார். கை சில்லென்று இருந்தது. "மாட்டுனா என்ன தெரியும் தம்பி?"

"பேர் தெரியும்மா. வந்திருக்கிற பேர்."

"அவன் பேருதான?"

"அவர் பேருதான். ஆனா வேற யாராவது அவர் மெஷினைப் போட்டாலும் அந்தப் பேருதான் வரும்."

அவர் வெகுநேரம் கையை விடவில்லை. இந்தக் கேபிளை மாட்டினால் இந்த அம்மாளின் பிள்ளை இன்னொரு தரம் சாவான் என்று எனக்குத் தோன்றியது. கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். கடைசியில் அவரே கையை எடுத்தார்.

"மாட்டு."

மாட்டி, மறுபடி ஒரு தரம் அணைத்துப் போட்டேன். திரை வெளுத்தது. மெசஞ்சர் பட்டியலில் ஒரே ஒரு பேர் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. ஜெயந்த்.

கனகவல்லி ஒற்றை விரலால், எழுத்தைத் தேடித் தேடி, 'யாரு' என்று தட்டினார்.

ஜெயந்த் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று திரையின் அடியில் ஒரு வரி வந்தது. யார் உட்கார்ந்து தட்டினாலும் பேருக்குரியவர் தட்டுவதாகத்தான் அது காட்டும், எனக்குத் தெரியாதா? தெரிந்தும் பயமாக இருந்தது. கல்யாணசுந்தரம் "ஐயோ" என்று சுவரோடு சாய்ந்தார். கனகவல்லி மட்டும் கண்ணை எடுக்காமல் அந்த வரியைப் பார்த்தார். அந்தக் கொஞ்ச நேரம் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

வரி மறைந்தது. பதில் வந்தது.

'ரீனா.'

அந்தச் சந்தோஷம் அப்படியே வடிந்துபோனது. பின்னாலேயே அடுத்தடுத்து வந்தது. அதுவும் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்தான். 'மன்னிச்சிருங்க. ஒரு நாள் அவர் மெஷினைப் போட்டேன். அம்மான்னு உங்க பேர் எரிஞ்சது. அதுக்கப்புறம் தினமும் எரிஞ்சது. நீங்க எதுவும் எழுதல. நானும் எழுத பயந்தேன். யாரோ கூட இருக்கிற மாதிரி இருந்தது. இனிமே போட மாட்டேன்.'

கனகவல்லி படித்து முடித்தார். பிறகு பாய்ந்து கீபோர்டைப் பிடித்தார். விரல் வேறு எழுத்தில் விழுந்தது. அழித்தார், மறுபடி தட்டினார், மறுபடி தப்பு.

"நான் அடிக்கட்டுமா அம்மா?" என்று குனிந்தேன். என் கையைத் தட்டிவிட்டார்.

"போயிருவா தம்பி, அணைச்சுட்டுப் போயிருவா" என்று அழுதுகொண்டே எழுத்தைத் தேடினார். வாயால் ஒரு சத்தம் போட்டால் தெருவே கூடும், அந்தக் குரல் அங்கே எதற்கும் உதவவில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் நிமிர்ந்து அந்தப் பேர் எரிகிறதா என்று பார்த்தார். நானும் பார்த்தேன். கடைசியில் 'போகாதே' என்று எழுதி அனுப்பிவிட்டார்.

பேர் அணையவில்லை. எழுதிக்கொண்டிருக்கிறார் என்ற வரி வந்தது, போனது, மறுபடி வந்தது. பதில் மட்டும் வரவில்லை.

'ஒத்தையிலயா இருக்க' என்று கேட்டார்.

'ஆமா.'

கனகவல்லி எழுந்தார். முகத்தை முந்தானையால் துடைத்தார். "ஏங்க, சட்டையப் போடுங்க. வாகட் போணும்" என்றார். முப்பது வருஷத்தில் அவர் கணவருக்கு இட்ட முதல் கட்டளையாக அது இருக்க வேண்டும். கல்யாணசுந்தரம் ஏன் என்று கேட்கவில்லை. சட்டையை உள்புறம் வெளியாக மாட்டிக்கொண்டு வந்தார், அதை அவிழ்த்துக் கனகவல்லியே சரியாகப் போட்டுவிட்டார்.

நான் கருவிகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டே, மெஷினை அணைக்கட்டுமா என்று கேட்டேன்.

"அணைச்சிராத தம்பி. நாங்க போய்ச் சேருத வரைக்கும் அங்கன என் பேரு எரியட்டும். இல்லன்னா நானும் அணைச்சுட்டுப் போயிட்டேன்னு நெனச்சுருவா. நீ கொஞ்சம் இரி."

அவர்கள் இறங்கிப் போனார்கள். நான் அந்த அறையில் ஜெயந்தின் பேரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.