ரஸ்டிகா என்று பலகை வைத்தவன்

ஜெர்சோனை யாரும் வெறுக்க வேண்டியதில்லை. வெறுப்பதற்கும் ஒருவனிடம் கொஞ்சம் சரக்கு வேண்டும்.

சென்னையில் ஓர் இத்தாலிய உணவகத்தில் மாவு பிசைந்துகொண்டிருந்தவன், போன வருடம் சங்கரன்கோவில் பஜாரில் பீட்சா கடை திறந்தான். சென்னையிலிருந்து அவன் கொண்டுவந்தவை ஒரு மின் அடுப்பும் 'பட்டிக்காடு' என்ற வசவும். பீட்சாவுக்குச் சட்னி கேட்டவர் பட்டிக்காடு. விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பியவரும் பட்டிக்காடு. கடைக்கு 'ரஸ்டிகா' என்று பெயர் வைத்தான். பழைய கடையில் காதில் விழுந்த சொல். அதற்குப் பொருள் இருக்கக்கூடும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

அவன் அப்பா வேதமுத்து, குருவிகுளத்துப் பக்கம் மானாவாரியில் உளுந்து விதைக்கிறவர். பெண் தேடி இணையத்தில் பதிந்தபோது, சொந்த ஊர் சங்கரன்கோவில், அப்பா வியாபாரி என்று போட்டான். அதைப் பார்த்துத்தான் பாளையங்கோட்டையில் விலங்கியல் ஆசிரியையாக இருக்கும் ஜெனிபாவும் அவள் அம்மா சுந்தரபாயும் ஐப்பசியில் ஒரு சாயங்காலம் கடைக்கு வந்தார்கள். இந்தச் சம்பந்தம் அமைய வேண்டும் என்று அவன் உண்மையாகவே தவித்தான். ஜெனிபா போனில் பேசிய நாள்களில் அவன் யாரையும் பட்டிக்காடு என்று சொல்லவில்லை. அதை மட்டும் அவனுக்குச் சாதகமாகச் சொல்லலாம்.

கடைப் பலகைக்கு மேலே போன மின்கம்பியில் தகைவிலான் குருவிகள் வரிசையாக வந்து அடைந்துகொண்டிருந்தன. பலகை முழுக்க எச்சம். அவர்கள் வந்தபோது அவன் வாசலில் தகரத்தைத் தட்டிக்கொண்டு நின்றான்.

"பட்டிக்காட்டுக் குருவி. எவ்வளவு விரட்டினாலும் இங்கனயேதான் வருது" என்றான்.

ஜெனிபா சிரித்துவிட்டாள். உள்ளே உட்கார்ந்து பீட்சா வந்த பிறகு, குளிருக்கு வடக்கேயிருந்து வருகிற அந்தக் குருவியின் அறிவியல் பெயரில் இரண்டாவது சொல் ரஸ்டிகாதான் என்றாள். ஒருவகைப் புகையிலைக்கும் அதே சொல் உண்டு. லத்தீனில் நாட்டுப்புறத்தைச் சேர்ந்தது என்று பொருள். இத்தாலியில் ஈஸ்டருக்கு முட்டையும் பாலாடைக்கட்டியும் அடைத்துச் சுடும் பீட்சாவுக்கும் அந்தப் பெயர்தான். மக்காச்சோளம் தூவி அவன் அதே பெயரில் விற்றுவந்த பண்டம் அவள் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது.

அவன் முகம் சுண்டிப்போனது. அவளோ கேலியாகச் சொல்லவில்லை.

"நல்ல பேருதான். எங்க தாத்தாவும் சிவகிரில வயக்காட்டு ஆளுதான். உங்களுக்கு விவசாயம் உண்டா?"

இதைவிட அகலமாக ஒருத்தி கதவைத் திறந்து வைக்க முடியாது. ஆமாம் என்றால் போதும்.

"சேச்சே, நாங்க தலைமுறையா டவுன்தான். இந்தப் பேரை நாளைக்கே மாத்திருதேன்" என்றான்.

அப்பாவுக்கு என்ன வியாபாரம் என்று சுந்தரபாய் கேட்டாள். உளுந்து என்றான். பொய்க்குக்கூட அப்பாவின் காட்டிலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது.

கலந்து பேசிச் சொல்வதாகச் சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். பஸ்ஸில் ஜெனிபா சொன்னது ஒன்றுதான்: "தாத்தா உயிரோட இருந்து நம்மகூட வந்திருந்தா, இவரு அவரை வாசல்லயே நிறுத்திப் பேசி அனுப்பிருப்பாரும்மா."

மறுவாரம் பலகையில் 'மிலானோ' என்று எழுதி, படமெடுத்து ஜெனிபாவுக்கு அனுப்பினான். படத்தில் மேலே கம்பியும் குருவிகளும் விழுந்திருந்தன. பதில் வரவில்லை.