காய்ச்சல் இல்லை என்று காட்டிய மதியம்

என் அக்காவுக்கு வயலில் இறங்கினால் கண் கூட வேண்டாம், விரல் போதும். பாகூர்ப் பக்கம் களை எடுக்கப் போகும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. நெல்லைப் போலவே நிமிர்ந்து நிற்கும் ஒரு புல் உண்டு. புதிதாக வருகிறவர்கள் அதை விட்டுவிட்டு நெல்லைப் பிடுங்கித் திட்டு வாங்குவார்கள். அக்கா தாளைத் தடவிப் பார்ப்பாள். சொரசொரத்தால் நெல், வழவழத்தால் புல். நெல் ஒருபோதும் அவள் கையோடு வந்ததில்லை.

நான் வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில் ஒரு சுகாதார நிலையத்தில் செவிலியர். கொரோனா வந்த முதல் வருடம் சந்தை வாசலில் நிற்க வைத்தார்கள். வருகிறவர் நெற்றிக்கு நேராகக் காய்ச்சல் பார்க்கும் கருவியை நீட்டுவேன். சிவப்பு எரிந்தால் திருப்பி அனுப்புவேன். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வருகிற கெட்டிக்காரர்களை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்காவிடம் போனில் இந்தப் பெருமையை அளந்தபோது அவள் மெதுவாகக் கேட்டாள்.

“காய்ச்சல் அடிக்கறவனத்தான புடிக்கற? அடிக்காதவன இன்னா பண்ணுவ?”

“அடிக்கலன்னா உள்ள போவான்.”

“எங்க வயல்லயும் அதாண்டி கத. புல்லுன்னு பாத்தாலே தெரியறத வருசா வருசம் புடுங்கிப் போட்டோம். இப்ப இன்னா நிக்குது? நெல்லு மாதிரி இருக்கறதுதான் நிக்குது. அதுதான வெத வுடுது.”

“கிருமியும் புல்லும் ஒண்ணாக்கா?” என்று சிரித்தேன்.

மறுநாள் இதை வேடிக்கையாக எங்கள் டாக்டரிடம் சொன்னேன். சின்ன வயது, பொறுமைசாலி. அவர் சிரிக்கவில்லை. கிருமி யோசித்து மாறுவதில்லை, பரவும்போது தானாக ஏதேதோ மாறுகிறது, நம் தடைகளுக்குத் தப்பி வேகமாகப் பரவுவது எதுவோ அதுதான் பெருகுகிறது என்றார். “அதுக்காக வாசல்ல நிக்காம இருக்க முடியாது. கொஞ்ச பேருக்குப் பரவினா, மாறறதுக்கு வாய்ப்பும் கொஞ்சம்தான். உங்க அக்கா சொல்றது சரி, நீங்க நிக்கறதும் சரி.” இரண்டும் சரி என்றால் எனக்கு எப்போதும் எரிச்சல் வரும்.

அடுத்த வருடம் வந்தது வேறு மாதிரி. வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லோரும் படுத்தார்கள். நான் அக்கா வீட்டுப் பக்கமே போகவில்லை. எங்கள் யூனியன் பிரதேசம் விட்டுவிட்டுக் கிடப்பதால், நான் போகும் குறுக்குவழியில் ஒரு துண்டு தமிழ்நாடு வேறு வரும். அங்கே தடுப்புப் போட்டுவிட்டார்கள். எங்களுக்கு அம்மா இல்லை. அக்காவைப் பார்க்காமல் அத்தனை நாள் நான் இருந்ததே கிடையாது. ஏங்கிப்போய்விட்டேன்.

தடுப்பைத் தளர்த்திய வாரம் அவளே கூப்பிட்டாள். “வயநண்டு கொழம்பு வெச்சிருக்கேன். வாசல்லயே நின்னு துன்னுட்டுப் போ, வூட்டுக்குள்ள வராத.”

கிளம்புமுன் கருவியை என் நெற்றிக்கே நீட்டினேன். பச்சை. நம்பாமல் இன்னும் இரண்டு முறை. பச்சைதான். ஊருக்கெல்லாம் சொல்லும் ஆறடி இடைவெளி எனக்கு மட்டும் அன்றைக்கு மறந்தது. பச்சை விளக்கையே அனுமதிச் சீட்டாக வைத்துக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போனேன். முகக்கவசத்தைக் கழற்றினேன். அவள் திட்டிக்கொண்டே சோற்றைப் பிசைந்து என் உள்ளங்கையில் உருட்டி வைத்தாள். நண்டுக் காலைக் கடித்து உடைத்துக் கொடுத்தாள். தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். இளைச்சிட்டடி என்றாள். ஒரு மணி நேரம் இருக்கும்.

இரண்டாம் நாள் எனக்குத் தொண்டை கரகரத்தது. பரிசோதனையில் கொரோனா இருப்பது தெரிந்தது. உடனே அவளுக்குப் போன் போட்டேன். “ஒனக்கு ஒண்ணும் ஆவாதுடி, கஷாயம் குடி” என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு அந்த வாரக் கடைசியில் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போனவளை மூட்டையாகக் கட்டித்தான் கொடுத்தார்கள். முகம் பார்க்க விடவில்லை.

“யார்கிட்டேருந்து யாருக்குன்னு யாராலும் சொல்ல முடியாது. அவங்களும் நாலு பேர் கூட வயலுக்குப் போனவங்கதான்” என்றார் டாக்டர். நல்ல மனிதர். நானும் எத்தனையோ வீடுகளில் இதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேன்.

இப்போதும் கிராமங்களில் பேச அனுப்புகிறார்கள். காய்ச்சல் இல்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை, வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்குப் போகாதீர்கள் என்று நானே சொல்கிறேன். போன மாதம் ஒரு பெண் கேட்டாள்: “நீங்களா இருந்தா போவ மாட்டீங்களா?” போகமாட்டேன் என்பதுதான் நான் சொல்ல வேண்டிய பதில். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.